எதிர்பாராதது என்று ஒரு வரி

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று சொன்ன புண்ணியவான், ‘அதற்கு எஸ்டிமேட் போட்டுப் பார்’ என்று சொல்லாமல் போனதால்தான் என்னைப் போன்றவர்கள் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டோம். செங்கல்பட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் வீடுகளுக்குச் செலவுக் கணக்கு போடுகிறேன். வீடு கட்டி நொந்தவர்களே, உங்கள் பெருமூச்சு எனக்கும் கேட்கிறது. ஆனாலும் குழி தோண்டுகிற அன்று வரும் படபடப்பு இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையை விட மனசு வரவில்லை. உதாரணத்துக்கு, கடலோரக் கடப்பாக்கத்தில் கட்டிய ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

இரண்டு விலை

மீன் விற்கும் வேணி அக்காவும், கடலுக்குப் போகும் அவர் கணவர் தேசப்பன் அண்ணனும் வீடு கட்ட வந்தார்கள். கையிருப்பும் கடனும் சேர்த்து இருபது லட்சம். அதைத் தாண்டினால் படகை விற்க வேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள் வரும் என்று நேர்மையாகச் சொன்னேன். அக்கா காதில் பதினெட்டு மட்டும் விழுந்தது, அண்ணன் காதில் இருபத்திரண்டு மட்டும். அவர் முகம் செத்துப்போனது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி, ஒரு மீனுக்கு நான் ரெண்டு வெல சொன்னா நீ வாங்குவியா?”

பேர் தெரியாத செலவு

கணக்கின் கடைசியில் ‘எதிர்பாராதது’ என்று ஒரு வரி எழுதி ஒரு லட்சம் போட்டிருந்தேன். அதை மணல் விலையிலும் கம்பி விலையிலும் ஒளித்து வைப்பதுதான் தொழிலில் மற்றவர்கள் வழக்கம்; நான் தனி வரியாகவே எழுதுவேன். வெளியே தெரிந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். பேரே தெரியாத செலவுக்குப் பணம் எதற்கு என்று அக்காவும் அதை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டார். மழை, மண், கம்பி விலை என்று விளக்கி எனக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம். அப்போது அண்ணன் சொன்னதைக் கேட்டு, அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

“கடலுக்குப் போவசொல்ல ஒரு கேன் டீசல் மேல வெச்சிகினுதானே போறேன்? அது மாரிதான் இதுவும். இருக்கட்டும் வுடு.”

குழி

தெரியாததைக் குறைக்க ஒரே வழி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஒரு குழி தோண்டிப் பார்ப்பது. கெட்டி மணல் வந்தால் படகு தப்பும். தண்ணீர் வந்தால் இறைக்க வேண்டும், அஸ்திவாரத்தை அகலப்படுத்த வேண்டும், படகு போச்சு. தெருவே கூடிவிட்டது. மேஸ்திரி இடுப்பளவு தோண்டியதும் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. அண்ணன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா குழிக்குள் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தார். கரையோர மண், தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்று கான்கிரீட் கலக்கத் தண்ணீர் லாரிக்குப் பெரிய தொகை ஒதுக்கியிருந்தேன். நானும் குடித்துப் பார்த்தேன். துளி உப்பில்லை! பிறகு பரிசோதனைக்குக் கொடுத்ததிலும், கான்கிரீட்டுக்கு ஏற்ற தண்ணீர் என்றே வந்தது. லாரிப் பணம் அப்படியே அஸ்திவாரத்துக்குப் போய், கணக்கு இருபதுக்குள் நின்றது. ஆனால் படகு பிழைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது, குழிக்குள் நின்றபடி அக்கா சொன்னபோதே.

“டீ போடலாம் தம்பி, அவ்ளோ நல்லா கீது.”

மிச்சம்

கிரகப்பிரவேசத்துக்குப் போனவன், வீட்டைப் பார்க்கும் முன் கரைக்குத்தான் ஓடினேன். படகு நின்றது, புதுப் பெயிண்ட் வாசனையோடு. பெயிண்டுக்கு ஏது பணம் என்று கேட்டேன். அண்ணன் சிரிக்காமல் பதில் சொன்னார்.

“அந்த மேல வெச்ச டீசல்ல மிஞ்சினது.”

இத்தனை வருடமாக ‘எதிர்பாராதது’ என்று எழுதிவந்த நான், அதில் மிச்சம் வரும் என்பதை மட்டும் எதிர்பார்த்ததே இல்லை.