எழிலன் கழிக்காத அரை வோல்ட்

செம்மண்டலத்து எழிலனிடம் சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவன். மற்றவர்களெல்லாம் மண்டையில் களிமண்ணைச் சுமந்து திரிவதாக அவனுக்கு நினைப்பு.

கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கும் தங்கை ரேகாவுக்கு அவனே ஒரு பெட்டி செய்து கொடுத்தான். குட்டைக்குக் காற்று ஊதும் குழாயில் சென்சார். அது தரும் வோல்ட்டைப் பெட்டி அழுத்தமாக மாற்றி அவள் போனுக்கு அனுப்பும். அழுத்தம் 0.10க்குக் கீழே போனால் அலாரம். பெட்டி இருக்கும்போது காவலுக்கு ஆள் எதற்கு என்று ஆளையும் நிறுத்த வைத்தான்.

காற்றே இல்லாதபோதும் அந்தச் சென்சார் அரை வோல்ட் தரும்; முழு அழுத்தத்தில் நாலரை. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும் என்று கூடவே வந்த தாளில் இருந்தது. தாளைப் படிப்பதாவது, எழிலனாவது! மொத்த வோல்ட்டையும் நாலரையால் வகுத்தான். முழு அழுத்தத்தில் விடை கச்சிதமாக 1 என்று வரவே, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"மோட்டார நிறுத்தனாலும் 0.11ன்னு காட்டுதேண்ணா?" என்று ரேகா கேட்டாள்.

"அது சுத்தியிருக்கிற காத்தோட அழுத்தம். ஒனக்குச் சொன்னா புரியாது."

அவள் பி.எஸ்ஸி. இயற்பியல். இருந்தும் அண்ணன் சொல்கிறானே என்று விட்டுவிட்டாள். அலாரம் ஒருநாளும் அடிக்கவில்லை என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான். எப்படி அடிக்கும்? காற்றே நின்றாலும் அந்த அரையை நாலரையால் வகுத்தால் 0.11 ஆயிற்றே!

ஐப்பசியில் வானம் மூடிக் கிடந்த ஒரு பகலில், சிதம்பரத்துக் கல்யாணப் பந்தியிலிருந்து ரேகா அவனைக் கூப்பிட்டாள். "ண்ணா, 0.11க்கு எறங்கிடுச்சு. மோட்டார் நின்னுபோச்சோ என்னமோ, நான் கெளம்பறேன்."

"அலாரம் அடிச்சுதா? இல்லல்ல? பேசாம பாயசத்தக் குடி."

அவளும் உட்கார்ந்துவிட்டாள். மோட்டாரின் பெல்ட் அறுந்து காற்று நின்றிருந்தது. அறுவடைக்கு இருந்த இறால் அத்தனையும், அவள் திரும்பியபோது கரையோரம் செத்துக் கிடந்தது. அந்தக் கரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை பெட்டியையும் கழற்றிய சென்சாரையும் கொண்டுவந்து அவன் சாப்பாட்டு மேசையில் வைத்து, பிளக்கை மாட்டினாள்.

"பெல்ட்டு அறுந்தா பெட்டி என்னா பண்ணும்?" என்றான் எழிலன், இட்லியைப் பிட்டபடி.

திரையில் 0.11 வந்தது. அலாரம் அடிக்கவில்லை.

"பாருண்ணா," என்றாள் ரேகா. "ஒன் மேசையில காத்து நல்லா வருது. இங்கியே எறா உட்டு வளத்துக்க."