தலைமுடியில் மருந்துத்தூள்

அறுபதுகளின் நடுவில், தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. விருதுநகரில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் அப்போது நான் வேலை பார்த்தேன். காலை பதினொன்றே காலுக்குத் தாயில்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் ஏழு வயது மகளை அழைத்து வந்தார். நேரம் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

சிறுமியின் வலது கண் மூக்குப் பக்கமே ஒதுங்கி நின்றது; வெளிப்பக்கம் திரும்பவில்லை. ஒரு மாதமாகத் தலைவலி, காலையில் வாந்தி. கண்ணை அசைக்கும் நரம்பில் கோளாறு, குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது என்று கண் டாக்டர் எழுதியிருந்தார். தலைக்குள் கட்டி எதுவும் நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க மண்டை எக்ஸ்ரே கேட்டிருந்தார்.

மேஜையில் படுக்கவைத்து, ஆடாமல் இருக்கச் சொன்னேன்.

"ரெண்டு பேரு நிக்கீகளே மாமா, எந்த ஆளு சொல்றதக் கேக்க?" என்றாள்.

அவள் அம்மா அதட்டினார். நான் சிரித்தேன். குறும்புக்காரி என்று நினைத்தேனே தவிர, அவளுக்கு நிஜமாகவே எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று தோன்றவில்லை.

பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். மண்டையின் நடுவே, கண் நரம்புகள் சேரும் இடத்தில், கடுகு மாதிரி நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. பட்டாசு சீசனில், உலோகப் பொடி கலந்த கம்பி மத்தாப்பு மருந்து எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டால் படத்தில் இப்படித்தான் விழும். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதைக் கண்டு பதறியதும், நோயாளி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபின் எடுத்த படத்தில் புள்ளிகள் காணாமல் போனதும் நடந்திருக்கிறது. அதிலிருந்து அம்மாதிரிப் படங்களின் உறையில் 'தலைமுடியில் மருந்துத்தூள்' என்று எழுதிவிடுவேன். டாக்டர்களும் அதை நம்பினார்கள்.

தலைமுடியில் மருந்துத்தூள் இருக்கிறது என்று சிறுமியின் அம்மாவிடம் சொன்னேன். கம்பெனியில் மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்குவது தான்தான் என்றும், கூட வரும் மகள் ஒரு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை என்றும், காலையில் தலைக்கு ஊற்றித்தான் கூட்டி வந்ததாகவும் அவர் சொன்னார். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். நேர்முகமாக இன்னொரு படம் எடுத்திருந்தால், புள்ளிகள் முடியிலா, தலைக்குள்ளா என்பது தெரிந்திருக்கும். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். உறையில் வழக்கம்போல எழுதி அனுப்பிவிட்டேன். கட்டி இல்லை என்று டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார்.

பொங்கல் கழிந்து அதே பெண் வந்தார். இப்போது மகளைக் கையைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. இருக்கன்குடி அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருந்தார்கள். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இந்த முறை இரண்டு படமும் எடுத்தேன். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன, முன்னைவிடப் பெரிதாக.

ஈரம் காயாத படத்தோடு வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"நீங்க சொன்னதுலருந்து தெனமும் சீயக்கா போட்டுத் தேச்சேன் சார். கண்ணு சரியாகலியேன்னுதான் முடியவே எடுத்துட்டோம். அந்தப் பொடி போயிருச்சா?"

நான் சொன்ன தூள்தான் நோய் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு மேலாக அதைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது பொடி இல்லம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

"அப்ப கண்ணு?" என்றார்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள். அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது. பார்வை திரும்பவில்லை. தீபாவளிக்கு முன் வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. அவர்கள் தீபாவளிக்கு முன்பே வந்தார்கள் என்பது அந்த டாக்டருக்குத் தெரியாது.

அந்த இன்னொரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை நினைக்காமல் அதன்பிறகு நான் எந்தக் குழந்தையின் தலையையும் மேஜைமேல் வைத்ததில்லை.