பதினான்கு விநாடி அம்மாவும் வீடியோ சேகர் அண்ணனும்

வீடியோ சேகர் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, பதுளையில், அவருடைய கடையிலேயே... நெஞ்சுவலி.

போன் செய்து சொன்னது அவருடைய மகள். அழுதுகொண்டே சொன்ன அந்தப் பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "டேப் எங்கம்மா இருக்கு?"

கேட்டுவிட்டேன். இந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மடுல்சீமை, தெமோதரை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் கல்யாணமோ சடங்கோ, எதுவானாலும் கையில் கேமராவோடு வந்து நின்றவர் அவர்தான். என் பெரியப்பா மகள் கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார்.

அந்த வீடியோவில் பதினான்கு விநாடி என் அம்மா இருக்கிறார். ஆலாத்தித் தட்டோடு வருவார், நிமிர்ந்து பார்ப்பார், ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்.

எனக்கு நான்கு வயதில் அம்மா இறந்துபோனார். அடையாள அட்டைகூட எடுத்திருக்கவில்லை. ஒரு போட்டோ இல்லை. எங்களிடம் இருக்கிற அம்மா மொத்தமே அந்தப் பதினான்கு விநாடிதான்.

போன வருஷம் தம்பி கொழும்பிலிருந்து பெரிய டிவி ஒன்று வாங்கி வந்தான். ஆசையாகக் கல்யாண சீடியைப் போட்டோம். அம்மா முகம் அகலமாக, ஊதிப்போய் வந்தது. திரும்பும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக...

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவருக்குச் சீனி வருத்தம். சர்க்கரை ஏறி ஒரு கண் போய்விட்டது, மற்றதும் அதிக நாளைக்கு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கண் இருக்கும்போதே அம்மாவை ஒருமுறை தெளிவாகக் காட்டிவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "டிவி படத்த இழுத்து வச்சிருக்கும்மா. செட்டிங்ல போயி நாலுக்கு மூணுன்னு போடு. ஷார்ப்னஸ நல்லா கொறச்சிரு" என்றார்.

அம்மா முகம் சரியானது. ஆனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. திரும்பவும் போன் செய்து முறைப்பாடு சொன்னேன்.

"அந்த காலத்து படம் அவ்வளவு அகலந்தான்மா. டிவி நெறைய வேணும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரெண்டு சொந்தக்காரங்கள சேத்து நிப்பாட்டியிருப்பேன்" என்று சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

போனில் ஒரு ஆப் போட்டு அம்மா முகத்தைத் தெளிவாக்கினேன். பளிச்சென்று வந்தது. பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பிரேம் போட்டு, திதி அன்று மாலையோடு படையலுக்கு முன்னால் வைத்தேன்.

அப்பா சூடத் தட்டோடு நின்று, இருக்கிற ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தார். "இது யாரு புள்ள?"

"அம்மாப்பா."

"உங்கம்மாவுக்கு உச்சில முடி ஏது? கூடைக் கயிறு தின்ன எடமாச்சே அது."

கொழுந்துக் கூடையின் கயிறு வருஷக்கணக்காகத் தலையில் அழுத்தி, முடி தேய்ந்துபோன தடம். ஆப் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு முடியை நிரப்பியிருந்தது. அப்பா சூடம் காட்டவில்லை.

அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். அண்ணன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"காப்பிக்கு காப்பி எடுத்த சீடி இது. அதே தேயிலைல மூணாவது தரம் ஊத்துன சாயத்தண்ணில என்னம்மா இருக்கும்? இல்லாத எடத்துக்கெல்லாம் மெஷினு அதுவா ஒரு மொகத்த போட்டுருச்சி. மொத டேப் இருக்கான்னு பாப்போம்."

இருந்தது. பூஞ்சை பிடித்துப்போய். ஓடவிட்டால் அறுந்துவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் போன் செய்து நச்சரித்தேன்.

நேற்று நான் ஹாலிஎல பஸ்ஸில் இருந்தபோது அவரே அழைத்தார். "படம் இன்னும் வரல. சத்தம் மட்டும் வருது. கேளு" என்று டேப்பைப் போட்டு ஓட்டிய பழைய கேமராவுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தார்.

ஒரே இரைச்சல். பிறகு அண்ணனின் இளவயதுக் குரல்... "அக்கா, இங்க பாருங்க."

அப்புறம் ஒரு பெண். "என்னைய ஏன் தம்பி புடிக்கிற? போயி பொண்ண புடி." சிரிப்பு.

எனக்கு முப்பத்திரண்டு வயது. என் நினைவில் இல்லாத அம்மாவின் குரலை நேற்றுத்தான் கேட்டேன்.

எங்கள் சீடியில் அந்த இடம் முழுக்க சினிமாப் பாட்டு ஓடும். "அப்ப எல்லா கல்யாணத்துக்கும் அப்பிடித்தான்மா. பேசுறத எடுத்துட்டு பாட்டு போட்டாத்தான் சனத்துக்கு புடிக்கும். நாந்தான் போட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

அதற்குள் டேப் கேமராவுக்குள் சிக்கிக்கொண்டது. "இழுத்தா அறுந்துரும். மெதுவா எடுத்து வக்கிறேன். வியாழக்கெழம அப்பாவ கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கொரலு எப்பிடி இருந்துச்சி புள்ள? எனக்கு மறந்து போச்சி."

பஸ் சத்தத்தில் ஒரே ஒரு தடவை கேட்டது... என்னத்தைச் சொல்ல. "நல்லா இருந்துச்சிப்பா" என்றேன்.

டேப் இன்னும் அந்தக் கேமராவுக்குள்ளேயே இருக்கிறதாம். தான் யாரையும் தொடவிடவில்லை என்றாள் அண்ணனின் மகள். அந்த நேரத்திலும் எனக்குப் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

இந்தச் சின்ன கேசட் கேமராவைப் பக்குவமாகத் திறக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கண்டியோ கொழும்போ, எங்கேயானாலும் கொண்டு வருகிறேன். படம் வேண்டாம். சத்தம் போதும்.

ஒரு மனிதர் செத்த அன்றைக்கு இதைக் கேட்பது அசிங்கம், தெரியும். அவருக்காக அழுகிறேனா, டேப்புக்காக அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணே... அடக்கம் நாளைக்கு, வியாழக்கிழமை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.