தராசக்கா தொட்ட மாஸ்டர் பெட்டி

பதினோரு வருஷமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. வைஃபை பெட்டிகள் வரிசையாக வரும்; அவள் ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியில் மாட்டுவாள். பெட்டி அனுப்பும் சிக்னலுக்குள் இரண்டு அலைகள் உண்டு. இரண்டும் ஒரே உயரம் இருக்கணும், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கணும். நின்றால் திரையில் புள்ளிகள் சதுரமாக உட்காரும். ஒன்று குட்டையானாலோ சாய்ந்தாலோ சதுரம் கால் உடைந்த கட்டில் மாதிரி இழுத்துக்கொள்ளும். அவள் இரண்டு எண்களைத் தட்டி நிமிர்த்துவாள்; அந்த எண்கள் பெட்டியின் நினைவில் பதிந்துவிடும். இந்தச் சமன் செய்யும் வேலையால் தொழிற்சாலையே அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்தத் தராசுக்குப் பத்து நாளாகக் கிறுக்குப் பிடித்திருந்தது. வருகிற பெட்டி அத்தனையும் கோணல், அதுவும் ஒரே மாதிரிக் கோணல். நிமிர்த்தி அனுப்பினால், வாங்கிய கம்பெனி தன் இடத்தில் சோதித்துவிட்டு, கோணல் என்று லாரியோடு திருப்பியது. அறுநூற்று நாற்பது பெட்டி!

"சனியனே, உனக்கு என்னதான் வேணும்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா பேக்கிங்குக்குப் போயிடுங்க."

"சார், பெட்டில தப்பு இல்ல. இந்தக் கருவிதான் கோணலா காட்டுது. மேல்மாடில இருக்கிற கருவில ஒரு தடவை வெச்சுப் பாத்துடலாமே."

"மாஸ்டர் பெட்டி இதுல நேரா தெரியுதா இல்லையா?"

"தெரியுது சார், ஆனா..."

"அப்புறம் என்ன? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாஸ்டர் பெட்டி என்பது இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கும் பழுதில்லாத பெட்டி. கருவிமேல் சந்தேகம் வந்தால் அதை மாட்டிப் பார்ப்பார்கள். அது நேராகத் தெரிந்தால் கருவியும் நேர். அதன் எண்களை யாரும் மாற்றக்கூடாது, அதுதான் சட்டம்.

சாப்பாட்டு வேளையில் நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பேக்கிங்கில்தான் வேலை. "வந்துடுங்க அண்ணி. அட்டைப்பெட்டிக்கு உயரமும் பாக்க வேணாம், சாய்வும் பாக்க வேணாம். டேப்பை ஒட்டினோமா, போனோமான்னு இருக்கலாம்."

"பதினோரு வருஷம்டி! டேப் ஒட்டவா நான் இத்தனை நாள் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?" பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டாள்.

திரும்பி வந்த வேகத்தில் பூட்டைத் திறந்து இழுப்பறையை இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு மஞ்சள் அட்டை. மாஸ்டர் பெட்டியின் ஆதி எண்கள், அவளே எப்போதோ எழுதி வைத்தவை. பெட்டியை மாட்டி, அதற்குள் இருந்த எண்களைப் பார்த்தாள். வேறு எண்கள். மாற்றிய தேதி, போன வாரத் திங்கட்கிழமை.

அன்று காலை முதலில் மாட்டியது மாஸ்டரைத்தான். கோணலாகத் தெரிந்தது. கை பழக்கத்தில் இரண்டு எண்களைத் தட்டியது, சதுரம் நிமிர்ந்தது, 'அடுத்தது' என்று போய்விட்டாள். கோணல் கருவிக்கு ஏற்ற மாதிரி சாட்சியையே வளைத்து வைத்திருக்கிறாள்.

"அடிப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சொல்லாவிட்டால் வேலை தெரியாதவள் என்று பேக்கிங். சொன்னால் மாஸ்டரைத் தொட்டவள் என்று பேக்கிங். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போறது போகட்டும், கூடம் கோணல்னு காட்டிட்டே போறேன்!

பழைய எண்களைத் திரும்பப் போட்டு, பெட்டியையும் அட்டையையும் சூப்பர்வைசர் மேசையில் வைத்தாள். "மாஸ்டரைத் தொட்டது நான்தான் சார். இப்ப மேல்மாடில வெச்சுப் பாருங்க."

மேலே சதுரம் சதுரமாகவே நின்றது. கீழே அதே பெட்டி கட்டிலாகக் கோணியது. சூப்பர்வைசர் மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூடம் கோணல்தாம்மா," என்றார் கடைசியில். "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"தெரியும் சார்."

கருவி பழுதுபார்க்கப் போனது. திங்கட்கிழமை அவள் பேக்கிங் அறையில் இருந்தாள். திரும்பி வந்த பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மேலே இருந்த ஒன்றை இறக்கி, டேப்பைக் கிழித்தாள்.

"என்ன அண்ணி, ஒட்டற வேலைக்கு வந்துட்டுப் பிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் நாத்தனார்.

"நேரா இருந்ததைக் கோணலாக்கினவ நான்தானே? பிரிச்சுக் குடுத்தாத்தான் மேல்மாடிக் கருவில வெச்சு நிமிர்த்துவாங்க. அந்தக் கத்தியை இப்படிக் குடு. இன்னும் அறுநூத்தி முப்பத்தொம்பது கிடக்கு."