ஜட்ஜுக்கு வந்த ஏசி

லூடி பர்விஸ் தன் கணவனிடம் முதன்முதலாக ஏசி கேட்டது கல்யாணமான மூன்றாவது வருஷம். அப்போது அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். தெற்கு ஜார்ஜியாவில் ஜூலை பிறந்துவிட்டால் கொடியில் காய்கிற துணிகூட வியர்க்கும். டெல்மர் அவள் சொன்னதை முழுதும் கேட்டுக்கொண்டான். யார் பேச்சையும் குறுக்கே வெட்டுகிற ஆள் அல்ல அவன். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் இன்னொரு ஜன்னலைத் திறந்துவைத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் அவள் கேட்டாள். அவனும் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தான். எல்லா ஜன்னலும் தீர்ந்தபின் கொள்கையைப் பேசத் தொடங்கினான். மெஷின் காற்று உடம்பை இளக்கிவிடும், தன் அம்மா ஏழு பிள்ளைகளை ஒரு விசிறியை வைத்து வளர்த்தாள், மனிதன் வியர்க்கத்தான் பிறந்தான் என்பான். கெட்டவன் என்று யாரும் அவனைச் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது. நூறு ஏக்கரில் வேர்க்கடலை போட்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தான். ஞாயிறுதோறும் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துவான். அந்தச் சர்ச்சில் ஏசி உண்டு. பிரசங்கத்தின்போது டெல்மர் அளவுக்கு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் அங்கே வேறு யாருமில்லை.

ஒரு ஆகஸ்டில் பேரிக்காய் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்த லூடி அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். டெல்மர் பதறிப்போய்த் தூக்கிவந்து பின் வராந்தாவில் கிடத்தினான்; நெற்றியில் ஈரத்துணி போட்டு விசிறினான். அவள் கண்ணைத் திறந்ததும், நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே காய்ச்சிவிடு என்று அன்பாக யோசனை சொன்னான்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் வந்துசேர்ந்தது நாய். ஆற்றோரச் சதுப்பிலிருந்து காட்டுப்பன்றிகள் கிளம்பிவந்து கடலை வயலை இரண்டு வருஷமாகப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தன. லூடியின் தம்பி ஹார்லன் பன்றி பிடிக்கிற புல்டாக் வளர்ப்பவன். அவன்தான் இரண்டு வயது நாய் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றிப் பழுப்புத் திட்டு, துணி ஊறவைக்கிற வாளி அளவுக்குத் தலை, நூற்றிருபது பவுண்டு எடை. முகத்தில் மடிப்புமேல் மடிப்பு. வேகமாக வண்டி ஓட்டியதற்காக ஹார்லனுக்கு ஒருமுறை அபராதம் போட்ட நீதிபதிக்கு அச்சு அசல் இதே முகமாம். அதனால் பெயர் ஜட்ஜ்.

நாயைச் சோபாவில் படுக்கவைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தே பழகியவன் டெல்மர். ஜட்ஜுக்கும் அவன் இடம் ஒதுக்கியது கொட்டகையில்தான்.

ஜனவரியில் ஒரு காலை, வயலோரத்தில் தந்தம் நீண்ட ஆண்பன்றி ஒன்று நின்றது. ஜட்ஜ் குரைக்கவில்லை. நேரே ஓடிப்போய் அதன் காதைக் கவ்வி, தன் மொத்த எடையையும் தரையில் சாய்த்தது. பன்றி சுழற்றியது, இழுத்தது, அலறியது. டெல்மர் வந்து பின்னங்கால்களைக் கட்டி முடிக்கும்வரை பிடி தளரவில்லை. "விடு" என்றதும் விட்டது, இரண்டு தும்மல் போட்டது, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த லூடியிடம் வந்து அவள் பாதத்தின்மேல் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் கால் மரத்துப்போனது. டெல்மரும் நாயிடம் கவிழ்ந்துபோனான், ஆனால் அவன் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வசந்தம் வந்ததும் முகமடிப்புகளில் புண் வந்தது. எச்சிலும் ஈரமும் உள்ளே தங்கினால் தோல் அழுகிவிடும். தினம் ஒவ்வொரு மடிப்பாக விரித்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். லூடி செய்கிறேன் என்றாள். அவள் கை முரடு என்று சொல்லிவிட்டு டெல்மரே உட்கார்ந்தான். பிள்ளைகளுக்கு ஒருநாளும் மூக்குச் சிந்திவிட்டிராத மனிதன், மூக்குக்கு மேலிருக்கும் மடிப்பை நுனிவிரலால் தூக்கிப் பிடித்து, பஞ்சால் ஒற்றி, ஊதி ஊதிக் காயவைத்தான். ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தது.

ஜூனில் ஒரு நாள் நடுப்பகலில், டிராக்டரின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த நாய் தொப்பென்று விழுந்தது. நாக்கு ஊதா நிறமாகிவிட்டது. டெல்மர் நூற்றிருபது பவுண்டையும் இரண்டு கையிலும் வாரித் தூக்கி வண்டிக்கு ஓடினான். ஈரப் படுக்கைவிரிப்பை நாயின்மேல் போர்த்திப் பிடித்தபடி லூடி பின்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தெரிந்த அவன் உதடு நாற்பது மைலும் அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் செய்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

கால்நடை மருத்துவர் ரென்ஃப்ரோ அம்மாள் ஊசி போட்டு, நாயைப் பிழைக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மிஸ்டர் பர்விஸ், இதுக்கு சப்பை மூக்கு. மூச்சு வாங்கித்தான் உடம்பக் குளுர வைக்கணும், இதால அது முடியாது. இனிமே கோடை முச்சூடும் பகல்ல குளுந்த ரூம்லதான் இருக்கணும். வீட்ல ஏசி இருக்கில்ல?"

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். "இன்னைக்குச் சாயங்காலம் இருக்கும், டாக்டரம்மா."

லூடியின் கையில் அந்த ஈர விரிப்பு அப்படியே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் செருப்பை நனைத்தது. கோபம் வரும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. நெடுநாள் வரிசையில் நின்றவளுக்கு முன்னால் ஒருவன் சர்வசாதாரணமாக நுழைந்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. அதிலும் அந்த ஒருவன் நாய். அதன்மேல் அவளுக்கு வருத்தமே இல்லை.

அன்று சாயங்காலமே பின்கட்டு அறை ஜன்னலில் மெஷின் ஏறியது. காற்று கசியாமல் இண்டு இடுக்கெல்லாம் நுரைப் பஞ்சு வைத்து அடைத்தான் டெல்மர். இருபது வருஷமாகத் திறந்துகிடந்த ஜன்னலைத் தன் கையாலேயே மூடினான். பிறகு லூடியைக் கூப்பிட்டு, குளிர் போதுமா என்று பார்க்கச் சொன்னான். அவள்தானே அதிகம் வியர்க்கிறவள், அவளுக்குத்தானே தெரியும் என்றான்.

அட்லாண்டாவில் இருக்கும் மகளுக்கு லூடி போன் செய்து சொன்னாள். மகள் முதலில் மூச்சுமுட்டச் சிரித்தாள், பிறகு அம்மாவின் சார்பில் ஆத்திரப்பட்டாள். அதற்கெல்லாம் நேரமில்லை, சாமானை மாற்ற வேண்டும் என்று சொல்லி லூடி போனை வைத்தாள்.

முதல்நாள் தையல் மெஷின் நாயறைக்குப் போனது. மறுநாள் சாய்வு நாற்காலி. அதற்கடுத்து பட்டர்பீன்ஸ் உரிக்கிற கூடை, டிவி, கடைசியில் ஒரு கட்டில். நாய்க்கு ஓய்வு வேண்டாமா என்று டெல்மர் மெல்ல இழுத்தான். தான் பக்கத்தில் இருந்தால்தான் அது நன்றாகக் குறட்டை விடுகிறது என்றாள். இரண்டாவது வாரத்திலிருந்து ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான். புதன்கிழமை பைபிள் படிக்கிற பெண்கள் ஒன்பது பேர், வழக்கமாக முறைவைத்து வீடு மாறுகிறவர்கள், அந்தக் கோடையில் ஜட்ஜின் அறையைவிட்டு நகரவில்லை. ஜட்ஜ் அவ்வப்போது விடுகிற வாயுவையும் பொறுத்துக்கொண்டார்கள்.

டெல்மர் கொள்கையோடு வராந்தாவிலேயே உட்கார்ந்தான். உள்ளே பேஸ்பால் ஆட்டத்தின் கைத்தட்டல் கேட்கும். அவன் மடியிலிருந்த சோளரொட்டித் தட்டில் வியர்வை சொட்டும். பதினோரு நாள் தாங்கினான். பன்னிரண்டாம் நாள், மடிப்புத் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பஞ்சும் துண்டுமாக உள்ளே போனான். முன்பு பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. அன்று இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆகஸ்டுக்குள் அவனுக்கும் அங்கே ஒரு நாற்காலி வந்துவிட்டது.

ஆகஸ்டில் கடலை முற்றத் தொடங்கியதும் பன்றிகளும் திரும்ப வந்தன. ஒருநாள் விடிந்ததும் டெல்மர் நாயை அழைத்துக்கொண்டு வாசல்வரை வந்தான். ஜட்ஜ் வெளியே தலையை நீட்டிற்று, காற்றை முகர்ந்தது, திரும்பி நடந்துபோய் ஏசிக்கு நேர்கீழே படுத்துக்கொண்டது. டெல்மர் வற்புறுத்தவில்லை. மின்வேலி வாங்கிவந்து தனியாளாக மூன்று நாள் வெயிலில் நின்று போட்டான்.

ஹார்லன் பார்க்க வந்தான். மின்வேலியைப் பார்த்தான், பின்கட்டைப் பார்த்தான்.

"நான் பன்னி பிடிக்கிற நாயத்தான் குடுத்தேன் மாமா. நீங்க அத நெசமாவே ஜட்ஜ் ஆக்கிட்டீங்க. ஏசி ரூம விட்டு வெளிய வரமாட்டேங்குது, எல்லாரும் அதுகிட்டப் போய் நிக்கிறீங்க."

"அது ஒடம்புவாகு அப்படி" என்றான் டெல்மர் கடுப்பாக.

குளிர்காலங்களில் மட்டும் ஜட்ஜ் வேலைக்குப் போயிற்று. மூன்று வருஷத்தில் இடுப்பெலும்பு தேய்ந்து அதுவும் நின்றது. டெல்மர் ஒரு துண்டை அதன் அடிவயிற்றில் கொடுத்துப் பின்னுடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலையும் மாலையும் வெளியே நடத்திப் போவான். இரண்டு பேருக்கும் அப்போது முதுகுவலி. எடை ஏறாமல் இருக்கத் தீனியை அளந்து ஊறவைத்துப் போடுவான். தன் தட்டிலிருந்து பன்றிக்கறித் துண்டைத் திருட்டுத்தனமாகக் கொடுத்து அந்த அளவைத் தானே கெடுப்பான்.

ஒன்பதாவது வயதில், ஒரு மே மாதக் காலையில், லூடியின் பாதத்தின்மேல் தலையை வைத்தபடி அது போய்விட்டது. பெக்கான் மரத்தடியில் டெல்மர் குழி வெட்டினான். ஒரு மணி நேர வேலையை நாள் முழுதும் செய்தான். சாப்பிட வரவில்லை. லூடியும் கூப்பிடவில்லை. தேநீரை மட்டும் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவன் பின்கட்டு அறைக்கு வந்து, ஏசி ஸ்விட்சில் கையை வைத்தான். இனி யாருக்காக ஓட வேண்டும் என்று முணுமுணுத்தான்.

லூடி தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "டெல்மர், கைய எடு."

எடுத்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "நான் அப்பவே வாங்கியிருக்கணும், இல்ல?"

"ஆமா."

அவன் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். அவள் தையலைத் தொடர்ந்தாள். குறட்டைச் சத்தம் இல்லாத அறையில் மெஷின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது.

அந்த ஞாயிறு சர்ச் வாசலில் பாஸ்டர் துக்கம் விசாரித்தார். பேச்சுவாக்கில், நாய்க்கு வாங்கிய ஏசியை இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவைத்தார். டெல்மருக்கு முகம் சுருங்கியது. அதை நாய்க்கென்று யார் சொன்னது, தன் பெண்டாட்டிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, அவளுக்காகத்தான் வாங்கினேன் என்றான். இந்தக் காலத்தில் இப்படியொரு புருஷன் அமைவது அபூர்வம் என்று பாஸ்டர் லூடியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அதுல சந்தேகமே இல்லங்க பாஸ்டர்" என்றாள் லூடி. "இருபத்தி ரெண்டு வருஷம் யோசிச்சுப் பாத்துத்தான் வாங்கினார்."