தெய்வசிகாமணியின் காலண்டர் தாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தினசரிக் காலண்டரில் சனிக்கிழமையைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தெய்வசிகாமணி வண்டியிடம் வந்தார். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், கார்களுக்கு வயரிங் பார்க்கும் கடை அவருடையது. ரேடியேட்டர் விசிறி காற்றை ஒழுங்காக இழுக்கிறதா என்று பார்க்க அந்தத் தாள்தான் அவருக்குக் கருவி. வண்டி முகப்பின் கிரில்லில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தங்கதுரையின் வெள்ளை டாக்ஸி சூடேறி விசிறி கிளம்பியதும் தாளை வைத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே விழுந்தது.

தங்கதுரைக்கு முகம் தொங்கிப்போயிற்று. நான்கு ஆசிரியைகளைத் தினமும் வெள்ளிமலைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர். போன வாரம் மலைப்பாதையில் வண்டி இரண்டு தடவை கொதித்து நின்றது. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று விஜயலட்சுமி டீச்சர் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு மல ஏறலன்னா என் பொழப்பு அவ்ளோதாங்க. ஃபேனுக்குப் புது மோட்டாரே போட்டுடுங்க."

"மோட்டாரு இன்னா பாவம் பண்ணிச்சு? இருங்க, பாப்போம்."

அவசரப்பட்டு யார் மேலும் பழி போடமாட்டார் தெய்வசிகாமணி, மனிதர் மேலும் சரி, மோட்டார் மேலும் சரி. கழுத்தில் எப்போதும் ஒரு சோதனை வயர் மாலையாகத் தொங்கும். டீ வந்தால் ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். சூடான எதையும் அவர் நம்புவதில்லை.

பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார். விசிறி சீறிக்கொண்டு சுற்றியது. "பாத்தீங்களா, நல்லாத்தான் ஓடுது." வண்டியின் வயரையே திரும்ப மாட்டினார், விசிறிக்குப் பழைய சோம்பல். கழுத்து வயரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை விசிறியின் கறுப்பு வயரிலும் வைத்தார். தூங்கிக்கொண்டிருந்த விசிறி துள்ளி எழுந்தது.

"எர்த்துதான் கம்மியா வருது. கரண்டு திரும்பிப் போற வழி எங்கியோ அடைச்சிருக்கு."

கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது பாடியில் முறுக்கியிருந்த ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. போல்ட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தன.

"இது இன்னாங்க?"

"ஆயுத பூஜைக்கு வச்சதுங்க. வருசா வருசம் வச்சிக்கினு வரேன். உருண்டையா, பொட்டு வைக்கத் தோதா இருந்துச்சு."

ஆறு வருடப் பக்தி. பன்னீரில் குழைத்த சந்தனம் உள்ளே இறங்கி, அடியில் துரு பூத்துக் கிடந்தது. தெய்வசிகாமணி கடை அதிரச் சிரித்தார். தங்கதுரையும் வெட்கத்தோடு சேர்ந்துகொண்டார். போல்ட்டைக் கழற்றி, எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, ஆறிய டீயைக் குடித்துவிட்டு வண்டி சூடேறக் காத்திருந்தார்கள்.

விசிறி கிளம்பியது. சனிக்கிழமை கிரில்லில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

தங்கதுரை போனை எடுத்தார். "டீச்சர், காலைல ஏழு மணிக்கு ரெடியா இருங்க. வண்டி வந்துடும்." தெய்வசிகாமணி ஸ்பேனரைத் துடைத்தார்.

பிறகு உள்ளே போய், சாமி படத்தடியிலிருந்த சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். தங்கதுரை பழக்கதோஷத்தில் போல்ட்டைக் காட்டினார். தெய்வசிகாமணி பானட்டைச் சாத்திவிட்டு, தங்கதுரையின் நெற்றியில் பொட்டை வைத்தார்.