சிவத்த குளிசை

பெனாயில் வாசனையும் சளிக் குப்பிகளின் வாடையும் வாவிக் காற்றோடு கலந்து வரும்... நெஞ்சு நோய் கிளினிக்கில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது.

அப்போது வந்தவர்தான் தம்பிராசா அண்ணன். வவுணதீவுப் பக்கம், வாவியில் வலை வீசுகிறவர். காசநோய். கூடவே மனைவி யோகமக்கா வருவா. சரியான வாய்க்காரி.

"நான் ஏசிக் கொல்லுறதுக்குள்ள இருமல் இவரைக் கொண்டுபோயிடும் போல, புள்ள" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பா.

காசநோய்க்கான மருந்து, செங்கல் நிறத்தில் பெரிய குளிசை. கிழமைக்கு ஒருமுறை, ஏழு நாளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். இருமல் குறைந்தது, உடம்பு தேறியது, மறுபடி தோணி ஏறினார். எங்களுக்கும் சந்தோசம்.

மாரி முடியத் திரும்பி வந்தார்... எலும்பும் தோலுமாக.

"குளிசை ஒழுங்காப் போட்டீங்களா அண்ணே?"

அவர் நிலத்தைப் பார்த்தார். யோகமக்காதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னா.

"ஒண்ணுக்குப் போனா சிவப்பாப் போகுதாம். ரெத்தமெண்டு பயந்திட்டார். பொம்புளப் புள்ளைகளுக்கிட்ட எப்பிடிச் சொல்றதெண்டு வெக்கம். உடம்பைச் சூடாக்கும் எண்டு நான்தான் குளிசையை விட்டு விட்டுக் குடுத்தன்... இளநியும் குடுத்தன்."

ஐயோ! அது குளிசையின் நிறம், வேறொன்றுமில்லை. "சிறுநீரின் நிறம் மாறலாம்" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார்தான். சிவப்பு என்று யாரும் சொல்லவில்லை.

விட்டு விட்டுக் குடித்ததில் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பெட்டியில்தான் வந்தார். பாவி மனிசன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அந்தக் காலத்தில் மருந்து எடுபடுமா என்று தெரிய மாதக் கணக்கில் காத்திருந்தோம். இப்போது சளியை வைத்தால் மெஷின் அன்றைக்கே சொல்லிவிடுகிறது. "ஒண்ணுக்கு ரெத்தம் மாதிரிப் போகும், பயப்பிடாதீங்க" என்று நானும் வருகிற எல்லோருக்கும் சத்தமாகவே சொல்கிறேன். என்ன வெட்கம்?

இத்தனை வருசத்துக்குப் பிறகு போன கிழமை யோகமக்கா வந்தா. தனியாக, இருமிக்கொண்டு. மெஷின் சொன்னது... சிவத்த குளிசைக்கு அடங்காத கிருமி, அண்ணனுடையதைப் போலவே.

"அந்தச் சிவத்த குளிசையைத் தா புள்ள. ஒரு நாளும் விடமாட்டன்."

"அது உங்களுக்கு வேலை செய்யாதுக்கா. வேற மருந்து இருக்கு."

யோகமக்கா நீட்டிய கையை மடக்கவேயில்லை.

"அவருக்குக் குடுக்காம விட்டதையும் சேத்து ஒழுங்காக் குடிக்கத்தானே புள்ள நான் வந்தன்..." என்றா.